லவ் பேர்ட்ஸ் ஜோடி சேர்க்கும் முன்: குஞ்சின் நிறத்தைக் கணிப்பது எப்படி?

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜீஸ் என்ற சின்னக் கிளிதான். ஆஸ்திரேலியாவில் காட்டில் திரிவது பச்சை. நீலமும் சிவப்புக் கண் மஞ்சளும் மரபணுவில் எப்போதோ நேர்ந்த மாற்றங்கள். ஜோடி சேர்த்தே பெருக்கியிருக்கிறார்கள்.

முதலில் நீலம். தாயிடமிருந்து மரபணுவின் ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் நீலமாக இருந்தால்தான் குஞ்சு நீலம். ஒன்று மட்டும் நீலமென்றால் பறவை பச்சையாகவே இருக்கும். அதைத்தான் ஸ்ப்ளிட் என்போம். இரண்டு ஸ்ப்ளிட் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலம். சராசரிதான், கணக்குத் தீர்க்க வராது. ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு தனி.

"இது ஸ்ப்ளிட் சார்" என்று கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால் நான் நம்புவதில்லை. நீலப் பறவையோடு ஜோடி போட்டுப் பாருங்கள். ஒரு நீலக் குஞ்சு வந்தாலே போதும், ஸ்ப்ளிட்தான். ஆறு குஞ்சு பொரித்து ஆறும் பச்சையாக வந்தால் சந்தேகப்படலாம். உண்மையான ஸ்ப்ளிட்டுக்கு அப்படி நடக்க 64-ல் ஒரு வாய்ப்புதான்.

அடுத்து லுட்டினோ, அதாவது சிவப்புக் கண் மஞ்சள். (கறுப்புக் கண் மஞ்சள் வேறு சங்கதி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இந்த மாற்றம் ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கிறது. மனிதருக்கு நேர்மாறாக, பறவையில் ஆணுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு: இசட், இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மறைக்க இன்னொரு இசட் இல்லாததால் பெட்டையால் லுட்டினோவை மறைத்து வைக்க முடியாது. இருந்தால் வெளியே தெரிந்துவிடும். லுட்டினோ ஸ்ப்ளிட் பெட்டை என்று யாராவது விற்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த ஜோடி லுட்டினோ ஆண், பச்சைப் பெட்டை. மகள்கள் எல்லாம் லுட்டினோ, மகன்கள் எல்லாம் பச்சை ஸ்ப்ளிட். லுட்டினோ ஆணுக்கு வளர்ந்த பிறகும் மூக்கு நீலமாகாது, அதனால் ஆண் பெண் பார்ப்பது தலைவலி. இந்த ஜோடியில் அந்தக் கவலையில்லை. பொரித்த ஓரிரு நாளில் கூட்டுப் பானைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இமை இன்னும் மூடித்தான் இருக்கும்; மெல்லிய தோலுக்கடியில் கண் கருப்பாகப் புடைத்துத் தெரிந்தால் மகன், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மகள். ஸ்ப்ளிட் இல்லாத பச்சை ஆணோடு லுட்டினோ பெட்டையைப் போட்டால் எல்லாமே பச்சை. மகன்கள் மட்டும் மாற்றத்தைச் சுமப்பார்கள். முதலில் சொன்ன லுட்டினோ ஆண், பச்சைப் பெட்டை ஜோடியில் இரண்டு பக்கமும் நீலம் மறைந்திருந்தால், மகள்கள் நடுவில் வெள்ளை அல்பினோ ஒன்று எட்டிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் தகப்பன் யாரென்று தெரிந்தால்தான். கும்பலாக விட்ட பெரிய கூண்டில் அது தெரியாது. ஜோடிக்கு ஒரு கூண்டு வையுங்கள். வாங்கி வந்த பெட்டையைச் சில வாரம் தனியே விடுங்கள், பழைய ஆணின் விந்து உள்ளே தங்கியிருக்கலாம். அப்புறம், கூடப்பிறந்தவற்றை ஜோடி சேர்க்காதீர்கள். நிறம் சீக்கிரம் கிடைக்கும், மறைந்திருக்கும் கோளாறும் கூடவே வரும். காலில் எண் பொறித்த மூடிய வளையம் போடுவதானால் குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் மாட்டி, அந்த வளைய எண்ணை நோட்டில் பெற்றோர் பெயருக்கு எதிரே எழுதுங்கள். தள்ளிப்போட்டால் பாதம் பெருத்து வளையம் நுழையாது.