மலேரியா மாத்திரை அளவு மிஞ்சிவிட்டால் செய்ய வேண்டியவை

வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இந்தியாவில் தரப்படும் குளோரோகுயின், எழுதிக் கொடுத்த அளவில் சாப்பிட்டால் பெரும்பாலும் குமட்டல், தலைவலி, உடல் அரிப்பு ஆகியவற்றோடு போய்விடும். அளவு மீறினால் அதே மருந்து இதயத்தைத் தாக்கும் நஞ்சாகிவிடுகிறது. நோயைக் குணமாக்கும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், "ஒரு மாத்திரை கூடினால் என்ன" என்ற எண்ணம் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

தவறு பெரும்பாலும் கணக்கில்தான் நேர்கிறது. அட்டையில் 250 மி.கி. என்று அச்சிட்டிருப்பது குளோரோகுயின் பாஸ்பேட் உப்பின் எடை. அதிலுள்ள மூல மருந்து 150 மி.கி. மட்டுமே. பெரியவர்களுக்கு வழக்கமாக முதல் இரண்டு நாள்களும் நான்கு மாத்திரைகள், மூன்றாம் நாள் இரண்டு என்று சொல்லப்படுவது இந்த 250 மி.கி. மாத்திரைக்குத்தான். கடைகளில் 500 மி.கி. மாத்திரையும் கிடைக்கிறது, அதில் நான்கை விழுங்கினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அட்டையில் உள்ள எடையையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளிலேயே காய்ச்சல் இறங்கவில்லை என்று அடுத்த நாள் மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கக் கூடாது; வாந்தியில் மருந்து வெளியேறியிருந்தால் மறுபடி தரலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

அளவு மிஞ்சியது தெரிந்தவுடன், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கிய ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் தூக்கக் கலக்கம், பார்வை மங்கல், வாந்தி, வலிப்பு, ரத்த அழுத்தச் சரிவு, இதயத் துடிப்புக் கோளாறு என்று அடுத்தடுத்து வரக்கூடும். சற்று முன்வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரின் மூச்சும் திடீரென்று நின்றுவிடலாம். சிறு குழந்தைக்கு ஓரிரு மாத்திரைகளே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், குழந்தை விழுங்கியதா என்ற சந்தேகம் எழுந்தாலே கிளம்பிவிடுங்கள்.

உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. குளோரோகுயின் விஷயத்தில் அது கூடுதல் ஆபத்து: இடையில் வலிப்பு வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மீதமுள்ள மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதோடு, இதய நோய்க்கோ மனநலத்துக்கோ வேறு மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அங்கே இசிஜி எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் செயற்கை சுவாசமும் தருவார்கள்.

மற்ற மலேரியா மருந்துகளின் போக்கு வேறு. குயினைன் மிஞ்சினால் காதில் இரைச்சல், செவி மந்தம், பார்வை இழப்பு ஏற்படலாம். ரத்தச் சர்க்கரையும் இறங்கக்கூடும். பிரைமாகுயினோ, ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சரியான அளவிலேயே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அடுத்த வேளை மாத்திரையைத் தராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.