பிராட்வே கோரஸில் இடம்பிடிக்க: ஜாஸ் நடனக் கலைஞருக்கான வழிகாட்டி

ஜாஸ் ஆடிச் சம்பளம் வாங்க நினைப்பவர் நியூயார்க்கைக் குறிவைப்பதில் அர்த்தமுண்டு. அங்கே நிலையான வேலை கிடைப்பது பெரும்பாலும் பிராட்வே எனப்படும் பெரிய நாடக அரங்குகளில் நடக்கும் இசை நாடகங்களின் கோரஸில், அதாவது சேர்ந்து ஆடிப் பாடும் குழுவில். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறீர்கள் என்பது இரண்டாம் பட்சம். முன்பின் பார்த்திராத அசைவுகளை அரை மணி நேரத்துக்குள் பிடித்துக்கொண்டு, நடன அமைப்பாளர் கேட்ட சாயல் குலையாமல் ஆட முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பயிற்சி முழுவதையும் இதை மனதில் வைத்தே அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காதைப் பழக்க வேண்டும். ஜாஸின் அடிப்படையான ஸ்விங் தாளத்தில் ஒரு தட்டு சரிபாதியாகப் பிரியாது. ‘தகிட’ என்று சொல்லி, நடுவில் வரும் ‘கி’யை ஒலிக்காமல் விட்டுப் பாருங்கள்: த–ட, த–ட. கிட்டத்தட்ட அதுதான் ஸ்விங். பாட்டின் வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்துகொண்டே வரும். நான்கு தட்டுச் சுற்றில் அழுத்தம் விழுவது 2-லும் 4-லும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கேட்கும் தட்டுகளை 2, 4 என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1-ஐயும் 3-ஐயும் நீங்களே மௌனத்தில் நிரப்பி நடந்து பழகுங்கள். பரதத்திலிருந்தும் பாலேயிலிருந்தும் வருபவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். சமத்தில் பளிச்சென்று வந்து நிற்பதே சரி என்று உடம்பு பழகியிருக்கும். இந்தத் தாளம் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சொத்து. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926-இல் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் கொடிகட்டிப் பறந்த லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனத்தை ஆறு மாதமாவது கற்றுக்கொள்ளுங்கள். பாலேயை மட்டும் கற்றுவிட்டு ஜாஸ் ஆடுபவருக்கு எடை மேலேயே மிதக்கும். இடுப்பு தரையை நோக்கி இறங்காது.

அடுத்தது ஐசொலேஷன்: ஓர் உறுப்பை மட்டும் அசைத்து மற்றவற்றை நிறுத்திவைப்பது. தலை, தோள், விலா, இடுப்பு என ஒவ்வொன்றையும் முன், பின், வலம், இடம் என்று நகர்த்துங்கள். ஒரு திசைக்கு 8 எண்ணிக்கை என்று தொடங்கி 4, 2, 1 என்று சுருக்குங்கள். விலாவை நகர்த்தும்போது இடுப்பும் கூடவே போனால் முழங்காலைப் பாருங்கள், பூட்டிக்கொண்டிருக்கும். இரண்டு விரற்கடை மடக்கினாலே இடுப்பு தனித்து நிற்கும். இடுப்பெலும்பில் கை வைத்துக் கண்ணாடி முன் சோதிக்கலாம். பரதம் கற்றவருக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. மேடை ஜாஸுக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவரான ஜாக் கோல், லா மெரி என்ற அமெரிக்க நடனக் கலைஞரிடம் பரதநாட்டியம் பயின்று அதன் அசைவுகளை ஸ்விங் இசையோடு இணைத்தவர்.

வாரத்துக்கு 3 பாலே, 3 ஜாஸ், 1 டாப் (காலணியால் தரையில் தாளம் தட்டும் நடனம்), 1 பாட்டு வகுப்பு போதுமான கணக்கு. ஸ்டெப்ஸ் ஆன் பிராட்வே, பிராட்வே டான்ஸ் சென்டர் போன்ற நியூயார்க் நடனப் பயிற்சிக்கூடங்களில் ஒற்றை வகுப்புக்கும் பணம் கட்டிப் போகலாம். பிடித்த ஆசிரியர் ஒருவரோடு நின்றுவிடாமல், வாரம் ஒருமுறை தெரியாத ஆசிரியரின் வகுப்புக்குப் போங்கள். ஆடிஷனுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

ஆடிஷனுக்கு 8-க்கு 10 அங்குலப் புகைப்படம் வேண்டும். அதே அளவுக்கு வெட்டிய ஒரு பக்கத் தகுதிக்குறிப்பை அதன் பின்புறம் ஸ்டேபிள் செய்யுங்கள். உயரம், குரல் வகை, ஆடிய நாடகங்கள் இருக்கட்டும்; வயதும் வீட்டு முகவரியும் வேண்டாம். பையில் ஜாஸ் ஷூ, டாப் ஷூ இருக்க வேண்டும், பெண்கள் இரண்டரை முதல் மூன்று அங்குலக் குதிகாலணியும் வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் காலணியோடு போகாதீர்கள். சுழலும்போது கணுக்கால் ஏமாற்றிவிடும்.

ஆடிஷனில் காம்பினேஷன் (ஆடிக்காட்ட வேண்டிய அசைவுத் தொடர்) சொல்லித்தரும்போது முதலில் பாதத்தையும் எடை மாறும் இடத்தையும் பிடியுங்கள். கை பிறகு வரும். கையைப் பார்த்துக் கற்பவர்கள் திசை மாறும் இடத்தில் எதிர்க்காலில் நிற்பார்கள். பிருவெட் (ஒற்றைக்காலில் சுழல்வது) இரண்டு கேட்டால் இரண்டே சுற்றுங்கள். மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்பட்டுத் தாளத்தைத் தவறவிட்டவரைவிட, சொன்னதைச் செய்தவருக்கே வாய்ப்பு அதிகம். முதல் வடிகட்டலைத் தாண்டினால் பாட வேண்டியிருக்கும்: 16 பார், அதாவது பாட்டில் 16 தாளச் சுற்று. இசைத்தாளில் தொடக்கத்தையும் முடிவையும் தெளிவாகக் குறித்துக்கொடுங்கள். பியானோக்காரரிடம் விரல் சொடுக்கி வேகம் காட்டாமல், முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டினால் அவருக்கும் புரியும், மரியாதையும் கெடாது.

நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர அவசரப்பட வேண்டாம். உறுப்பினருக்கு அதன் கோரஸ் ஆடிஷனில் முன்னுரிமை உண்டு. மற்றவர்களை நேரமிருந்தால்தான் பார்ப்பார்கள். ஆனால் சேர்ந்தபின் சங்கத்துக்கு வெளியே நடக்கும் நாடகங்களிலும் சுற்றுப்பயணங்களிலும் ஆட முடியாது. அனுபவம் சேரும் காலத்தில் அந்த வேலைகள்தான் சோறு போடும். உல்லாசக் கப்பல் ஒப்பந்தமும் நல்ல தொடக்கம். பல மாதங்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கப்பலிலேயே என்பதால் சம்பளத்தில் பெரும்பகுதி மிஞ்சும். ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப ஆடுவதால் உடம்பு ஒருபக்கமாக இறுகும். அன்றாடப் பயிற்சியில் மறுபக்கத்தையும் சேர்த்து ஆடுங்கள். வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு ஆட முடியாது. கலையில் தனித்திறமை உள்ளவர்களுக்கான ஓ-1பி விசாவுக்கு அமெரிக்காவிலுள்ள நிறுவனமோ முகவரோதான் மனுப்போட முடியும், எனவே நிகழ்ச்சிச் சான்றுகளையும் பத்திரிகை விமர்சனங்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

பலர் ஒதுக்கிவிடும் வேலை ஸ்விங். தாளத்தின் பெயர்தான், ஆனால் இங்கே அது ஓர் ஆள்: கோரஸில் யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் ஆடுபவர். வாரத்துக்கு எட்டுக் காட்சி நடக்கும் நாடகத்தில் காயமும் காய்ச்சலும் வராமல் இருக்காது. நம்பகமான ஸ்விங்குக்கு எப்போதும் தேவை உண்டு. மேடை விளிம்பில் நடுவை 0 என்று வைத்து இருபுறமும் எண்கள் குறித்திருப்பார்கள். ஒவ்வொருவரும் எந்த எண்ணில் நிற்கிறார், எந்த எண்ணிக்கையில் யாருக்கு முன்னால் கடக்கிறார் என்று ஆளுக்கொரு நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள். அசைவு தெரிந்த ஸ்விங்கும் இடித்துக்கொள்வது இந்தக் கடக்கும் இடங்களில்தான், ஆகவே ஒத்திகையில் முதலில் எழுதவேண்டியது அதைத்தான்.