சரக்கு இருக்கிறது சரி, அது கண்ணில் படுகிறதா?

முதலில் கல்லாவை விட்டு எழுந்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தெரியாததெல்லாம் அங்கே தெரியும். போன தீபாவளி ஆஃபர் பேனர் இன்னும் தொங்கும், உங்கள் பைக்கே பாதிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நிற்கும், பொம்மைக்குக் கட்டிய சேலை வெயில் படுகிற பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். போனில் ஒரு படம் எடுங்கள். அதில் முதலில் கண் போய் விழுகிற இடத்தில் நீங்கள் விற்க நினைக்கிற சரக்கு இல்லையென்றால் வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஜவுளிக்கடைக்கு லைட்டுதான் எல்லாம். எங்கள் மாமா கடையில் கரண்ட் பில் குறையட்டும் என்று இருந்ததிலேயே விலை குறைந்த எல்இடியாக வாங்கி மாட்டினோம். கடை பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் அரக்குச் சேலை பழுப்பாகத் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாம் "வெளிச்சத்துல பார்த்துட்டு வரேன்" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக, பின்னாலேயே கடைப் பையன் ஓட, இப்படியே ஒரு முகூர்த்த சீசன் முழுக்கப் போனது. அப்புறம்தான் பல்புப் பெட்டியில் இரண்டு எண் இருப்பதையே கவனித்தோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம்: 3000 என்றால் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 நீலம் பாய்ந்த வெள்ளை. சிஆர்ஐ என்பது துணியின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடுகிற மார்க். ஜவுளிக்கு 4000 கெல்வின், சிஆர்ஐ 90-க்குக் குறையாமல் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் வாசலுக்கு ஓடுகிற ஓட்டம் குறையும்.

நகைக்கடைக்கும் இதே கணக்குதான். தங்கம் 3000-இல் ஜொலிக்கும், வெள்ளியும் வைரமும் அந்த மஞ்சளில் அழுக்காகத் தெரியும். அதனால் இரண்டையும் ஒரே ஷோகேஸில் வைக்காமல் பிரித்துவிட்டு, வெள்ளிப் பக்கம் 5000-க்கு மேல் போடுங்கள்.

பொம்மை விஷயத்துக்கு வருவோம். "பொம்மைக்குக் கட்டியிருக்கே, அதையே எடுங்க" என்று ஒருவர் கேட்டதும் பையன் ஏணியில் ஏறி மேல் ராக்கைக் குடைகிறான் என்றால் அங்கே தோற்றாயிற்று. பொம்மை போட்டிருப்பது, அதே டிசைனில் இன்னும் நாலு கலரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று பொம்மையைச் சேர்த்து வைத்தால் ஒரே சாயலில் கட்டுங்கள், ஒன்று மட்டும் மாறட்டும். ராமர் பச்சைக்கு நடுவே ஒரு மாம்பழ மஞ்சள் போதும். வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள், தினம் அந்த வழியாகப் போகிறவருக்கு அதே சேலை சுவராகிவிடும். விலைச் சீட்டையும் மறைக்காதீர்கள், விலை தெரியாமல் உள்ளே வரக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய.

மளிகைக்கடையில் அழகு இரண்டாம்பட்சம். தரையிலிருந்து நாலு அடி, ஐந்து அடி உயரம்தான் கண்ணுக்கு நேரான தட்டு, அங்கே லாபம் கூடுதலாக நிற்கிற சரக்கை வையுங்கள். உப்பும் சீனியும் கீழே கிடந்தாலும் ஆள் குனிந்து எடுத்துக்கொள்வார். மிட்டாய், பலூன் எல்லாம் குழந்தையின் கண் உயரத்துக்கு (அப்பாக்கள் என்னைத் திட்டலாம்). ஷாம்பு, காபித்தூள் சரங்களைத் தொங்கவிடுங்கள், ஆனால் கல்லாவில் இருப்பவர் முகத்தை மறைக்கிற அளவுக்கு வேண்டாம். அரிசி மூட்டையின் வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டி, அரிசியைக் குவித்து, மேலே விலை அட்டையைக் குத்தி வைத்தால் அதுவே காட்சி. முன்வரிசை விற்றதும் பின்னால் இருப்பதை முன்னுக்கு இழுத்துவிடுங்கள், பழைய தேதிச் சரக்கு முன்னாலும் புதுசு பின்னாலும்.

பழக்கடைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. மாதுளையில் ஒன்றை உடைத்து முத்து தெரிய மேலே வைப்பதும், தர்பூசணியின் வெட்டுமுகத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்புவதும் எந்த வகுப்பிலும் படித்து வந்ததில்லை.

ஸ்வீட் ஸ்டாலில் ஒரு சிக்கல், சாயங்காலம் ஆனால் பாதித் தட்டு காலி. பெரிய தட்டில் ஆறு லட்டு அநாதையாகக் கிடந்தால் மிச்சம் மீதி போலத்தான் தெரியும். அதையே சின்னத் தட்டுக்கு மாற்றுங்கள், அப்போதே நிறைந்துவிடும். உதிரி ஸ்வீட்டுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020 அக்டோபரிலிருந்து விதி கொண்டுவந்தது. அந்த அட்டையைத் தட்டுக்குப் பின்னால் ஒளிக்காமல் முன்னாலேயே தெளிவாக வையுங்கள், "இன்னைக்குப் போட்டதா?" என்ற கேள்வி பாதியாகக் குறையும். கண்ணாடியில் கைரேகை படிந்துகொண்டே இருக்கும், கல்லாவுக்கு அடியில் ஒரு ஈரத்துணியும் ஒரு காய்ந்த துணியும் எப்போதும் இருக்கட்டும்.