டி.ஓ.டி. சோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டதா? சரியான எஸ்.ஏ.பி.யைத் தேர்ந்தெடுக்கும் வழி

அமெரிக்காவில் கனரக லாரி, பேருந்து, ரயில், விமானம், எரிவாயுக் குழாய் என்று பொதுமக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை பார்ப்பவர்களுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறையின் (டி.ஓ.டி.) போதைப்பொருள், மது சோதனை கட்டாயம். 1991-இல் வந்த சட்டம் இது. போதைப்பொருள் சோதனையில் பாசிட்டிவ், மது அளவு 0.04 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் சோதனைக்கே மறுப்பு: இதில் எது நடந்தாலும் அந்த நிமிடமே ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டும். மறுபடி ஏறுவதற்கு ஒரே வழி, எஸ்.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரிடம் போவதுதான்.

டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டி லாரி ஓட்டும் நம்மவர்களுக்கும் இதே விதிதான். கனடாவில் கஞ்சா 2018 அக்டோபரிலிருந்து சட்டபூர்வம். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துச் சோதனையில் அது பாசிட்டிவ்தான். "எங்கள் ஊரில் அனுமதி உண்டு" என்ற பதில் அங்கே செல்லாது.

இந்த நிலையில் பலரும் செய்வது, இணையத்தில் கண்ணில் பட்ட முதல் எண்ணுக்குப் பணம் கட்டிவிடுவது. வேலை போன பதற்றம், வண்டித் தவணை, வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது அது இயல்புதான். ஆனாலும் இங்கே ஒரு நாள் பொறுங்கள். முதல் மதிப்பீடு முடிந்த பிறகு, அது பிடிக்கவில்லை என்று வேறொரு எஸ்.ஏ.பி.யிடம் போக விதி இடம் கொடுக்காது. போய் வாங்கி வந்தாலும் முதலாளி அந்த இரண்டாவது மதிப்பீட்டை ஏற்கக் கூடாது. எனவே தேர்வு முழுவதும் முதல் சந்திப்புக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

படி 1: பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

உங்களை வேலையிலிருந்து நீக்கியிருந்தாலும் சரி, எஸ்.ஏ.பி.க்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொண்ட பட்டியலை முதலாளி உங்களுக்குத் தந்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தரவில்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் இருக்கட்டும். மதிப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் பணம் கட்ட வேண்டிய கடமை முதலாளிக்குக் கிடையாது. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சொந்த வண்டி வைத்து ஓட்டுபவர்கள், தங்கள் சோதனைகளைக் கவனிக்கும் கன்சார்ட்டியத்திடம் கேட்கலாம்.

படி 2: கிளியரிங்ஹவுஸில் இருக்கிறாரா என்று பாருங்கள்

சி.டி.எல். எனப்படும் கனரக வணிக வாகன உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு இது முக்கியம். 2020 ஜனவரி 6 முதல் விதிமீறல்கள் எல்லாம் கிளியரிங்ஹவுஸ் என்ற மத்தியப் பதிவேட்டில் ஏறுகின்றன. உங்கள் கணக்கில் நுழைந்து, தேர்ந்தெடுத்த எஸ்.ஏ.பி.யை நீங்களே அதில் குறிப்பிட வேண்டும், அவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் பதிவேட்டில் இல்லையென்றால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. 2024 நவம்பர் 18 முதல் பதிவேட்டில் தடை உள்ள ஓட்டுநரின் சி.டி.எல்.லையே மாநிலங்கள் சாதாரண உரிமமாகத் தரம் இறக்கிவிடுகின்றன. 'கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால் உரிமமே கையில் இருக்காது.

படி 3: தகுதியைச் சரிபாருங்கள்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். போக்குவரத்துத் துறை எந்த எஸ்.ஏ.பி.க்கும் தனியாக உரிமம் கொடுப்பதில்லை. 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். விதி எதிர்பார்ப்பது இதுதான்: அவர் உரிமம் பெற்ற மருத்துவராகவோ, உரிமமோ சான்றோ பெற்ற சமூகப் பணியாளராகவோ, உளவியலாளராகவோ, பணியாளர் உதவித் திட்ட நிபுணராகவோ, திருமண, குடும்ப உறவு ஆலோசகராகவோ, துறை ஏற்றுக்கொண்ட அமைப்பின் சான்று பெற்ற போதை மீட்பு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். அதற்கு மேல் எஸ்.ஏ.பி.க்கான பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 12 மணி நேரத் தொடர்பயிற்சியும் உண்டு.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் நீதிமன்றத்துக்காக மதிப்பீடு செய்பவர் வேறு, எஸ்.ஏ.பி. வேறு. நீதிமன்றத்துக்கு வாங்கிய அறிக்கையை இங்கே நீட்ட முடியாது.

போனில் இப்படிக் கேளுங்கள்: "உங்கள் உரிமம் எந்த வகை, எந்த மாநிலம்? எஸ்.ஏ.பி. தேர்வு எப்போது முடித்தீர்கள்? கடைசித் தொடர்பயிற்சி எப்போது?" நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இதெல்லாம் அன்றாடக் கேள்வி, யோசிக்காமல் பதில் வரும். உரிம எண் கிடைத்ததும் அந்த மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று அங்கே தெரியும். சுற்றி வளைத்துப் பேசி, "முதலில் பணத்தைக் கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

படி 4: சந்திப்பு எப்படி நடக்கும் என்று கேளுங்கள்

மதிப்பீடு முகம் பார்த்து நடக்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து வீடியோ அழைப்பிலும் செய்யலாம், ஆனால் இருவரும் ஒருவரையொருவர் நேரலையில் பார்த்துக் கேட்க முடிய வேண்டும். தன் உரிமம் செல்லுபடியாகும் எல்லைக்குள்தான் அவர் அப்படிச் செய்யலாம். ஆகவே நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெறும் போன் பேச்சோ, இணையத்தில் நிரப்பும் கேள்வித்தாளோ மதிப்பீடு ஆகாது.

படி 5: கட்டணத்தை முழுதாகக் கேளுங்கள்

அரசு நிர்ணயித்த கட்டணம் என்று எதுவும் இல்லை. முதல் மதிப்பீடு, சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டாவது மதிப்பீடு, அறிக்கைகள் எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் குறைவாகச் சொல்லிவிட்டு இரண்டாவது மதிப்பீட்டுக்குத் தனியாகக் கேட்டால், அந்த நேரத்தில் உங்களால் வேறு ஆளிடமும் போக முடியாது.

படி 6: இந்த வாக்குறுதிகளை நம்பாதீர்கள்

"சிகிச்சை எதுவும் தேவையில்லை என்று எழுதித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரிடம் போகவே வேண்டாம். விதி மீறிய ஒவ்வொருவருக்கும் கல்வியோ சிகிச்சையோ, அல்லது இரண்டுமோ எஸ்.ஏ.பி. பரிந்துரைத்தே ஆக வேண்டும். அதேபோல, தான் பணம் பெறும் சொந்தச் சிகிச்சை மையத்துக்கே உங்களை அனுப்புவதும் தவறு. வேறு வழியே இல்லாத சில சூழ்நிலைகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

எஸ்.ஏ.பி. உங்கள் வக்கீல் இல்லை. முதலாளியின் ஆளும் இல்லை. சாலையில் போகிற மற்றவர்களின் பாதுகாப்புதான் அவருடைய பொறுப்பு. சோதனையே தப்பு என்று அவரிடம் வாதாடுவதில் பயனில்லை, அதை அவர் கணக்கில் எடுக்கக் கூடாது. சோதனையை ஆய்வு செய்த மருத்துவரிடம் உங்கள் சம்மதம் இல்லாமலே அவர் பேசலாம் என்பதால் எதையும் மறைக்கவும் வேண்டாம். குடிப்பழக்கம் உண்மையிலேயே கைமீறிப் போயிருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற சிகிச்சையை அவர் சொல்வார். இந்த வேலையில் கவனம் ஒரு நொடி தப்பினால் என்ன ஆகும் என்று ஓட்டுபவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

படி 7: பிறகு நடப்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்

பரிந்துரைத்ததை முடித்ததும் எஸ்.ஏ.பி. மறுபடி பார்ப்பார். அவர் திருப்தியானால், நேரடிக் கண்காணிப்பில் மாதிரி கொடுத்து, வேலைக்குத் திரும்பும் சோதனையில் தேற வேண்டும். மது என்றால் அளவு 0.02-க்குக் கீழே இருக்க வேண்டும். அதன் பிறகும் உங்களை எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது முதலாளியின் முடிவு. எஸ்.ஏ.பி. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. தொடர்சோதனைகள் பற்றிய பகுதியை மட்டும் அதில் மறைத்துத்தான் தருவார்கள்.

அந்தச் சோதனைகள் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். வேலைக்குத் திரும்பிய முதல் 12 மாதத்தில் குறைந்தது 6. எஸ்.ஏ.பி. அவசியம் என்று நினைத்தால் 60 மாதம் வரை நீட்டலாம். நிறுவனம் மாறினாலும் மிச்சச் சோதனைகள் உங்களோடு புது நிறுவனத்துக்கும் வரும், அதனால் புது வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.