ஸ்டெப் விடும் மோட்டார்: கரண்டைக் கூட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

வீட்டில் சின்ன சி.என்.சி. (கணினி இயக்கும்) ரவுட்டரோ, ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டார்) மாட்டிய மில்லிங் மெஷினோ வைத்திருப்பவர்களிடம் "ஜாப் பாதியில் தள்ளிப்போகிறது" என்று சொல்லிப் பாருங்கள். "டிரைவரில் கரண்டைக் கூட்டு" என்பதுதான் முதல் பதிலாக வரும். டிரைவர் என்பது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட். நானும் அதைத்தான் செய்தேன். என் ரவுட்டரில் X அச்சு ஒவ்வொரு ஜாபிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கரண்டைக் கூட்டினேன், மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, விலகல் அப்படியே இருந்தது. கோளாறு மோட்டாரில் இல்லவே இல்லை. எவ்வளவு விலகுகிறது என்று முதலிலேயே அளந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் முதல் தவறு, அளக்காமல் கை வைப்பது. மேக்னடிக் ஸ்டாண்டில் ஒரு டயல் கேஜை மாட்டி, அதன் முனை அச்சைத் தொடும்படி வைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். டூல் எதையும் தொடாமல், அச்சு 100 மி.மீ. விலகிப்போய்த் திரும்பி வருவதை 50 முறை ஓட விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்து நிற்க வேண்டும். முள் பூஜ்யத்துக்கே திரும்பினால் மோட்டார் எந்த ஸ்டெப்பையும் இழக்கவில்லை. 80 மி.மீ. வெட்டச் சொன்னால் 79.6 வருகிறது என்பது ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற கணக்கில் உள்ள பிழை. வட்டம் வட்டமாக வராமல், திசை திரும்பும் இடத்தில் பிசிறு தட்டினால் அது பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள தளர்வு. இந்த இரண்டும் நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகாது. ஸ்டெப் இழப்பு சேரும்.

சரி, முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த எண்ணைக் கவனித்துப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் 1.8 டிகிரி மோட்டாரின் ரோட்டரில் 50 பற்கள் இருக்கின்றன. சுமை தாங்காமல் ரோட்டர் பின்தங்கினால், நினைத்த இடத்தில் எல்லாம் அது நின்றுவிடாது. அடுத்த பல்லின் இடத்தில்தான் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு பல் என்பது 7.2 டிகிரி, அதாவது நான்கு முழு ஸ்டெப். ஒரு சுற்றுக்கு அச்சை 5 மி.மீ. நகர்த்தும் 1605 பால் ஸ்க்ரூவில் அது சரியாக 0.1 மி.மீ. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் லீட் ஸ்க்ரூவில் 0.16. பெல்ட்டை ஓட்டும் 20 பல் ஜிடி2 புல்லியில் 0.8.

ஆகவே 1605 ஸ்க்ரூவில் விலகல் 0.1, 0.3, 1.2 என்று வந்தால் மோட்டார் உண்மையாகவே சறுக்கியிருக்கிறது. எனக்கு வந்தவை 0.04, 0.07, 0.05. மோட்டார் அப்படிச் சறுக்காது. மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கிலும் மோட்டார் ஷாஃப்டிலும் சேர்ந்தாற்போல மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஓடி முடித்தபோது கோடு இரண்டாகப் பிரிந்து, கப்ளிங் பக்கத்துத் துண்டு மயிரிழை தள்ளி நின்றது. கப்ளிங்கை இறுக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ வழவழப்பான உருண்டை ஷாஃப்டில் நழுவிக்கொண்டிருந்தது. ஷாஃப்டில் எண்ணெயைத் துடைத்து, அரத்தால் ஒரு தட்டைப் பரப்பு எடுத்து, கிரப் ஸ்க்ரூவை அதன்மேல் இறக்கினேன். முடிந்தால் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகைக் கப்ளிங்கே வாங்குங்கள். அரம் வைக்கும்போது பொடி மோட்டாருக்குள் போகாமல் துணி சுற்றிக்கொள்வது முக்கியம்.

விலகல் 0.1-இன் மடங்காகவே வந்தாலும் உடனே கரண்டுக்குப் போக வேண்டாம். பவரை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கையால் மெதுவாக, முழு நீளத்துக்கும் சுற்றிப் பாருங்கள். நடுவில் இலகுவாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால், நட்டும் பேரிங்கும் ஒரே கோட்டில் இல்லை. அச்சை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய், நட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அங்கேயே மறுபடி இறுக்க வேண்டும். அடுத்து, ஆக்ஸிலரேஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் X அச்சுக்கு அது $120 என்ற செட்டிங். கோளாறு நின்றால் நீங்கள் மோட்டாரிடம் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறீர்கள். நிற்கவில்லை என்றால் $110-இல் உச்ச வேகத்தைக் குறையுங்கள்.

அதிக வேகத்தில் மட்டும் ஸ்டெப் போனால் காரணம் பெரும்பாலும் வோல்டேஜ். மோட்டார் லேபிளில் 2.8 வோல்ட் என்று பார்த்துவிட்டு, 12 வோல்ட் சப்ளையே அதிகம் என்று நினைப்பவர்கள் நிறைய. லேபிளில் இருப்பது மோட்டார் நிற்கும்போதைய கணக்கு. சுற்றும்போது காயிலில் கரண்ட் ஏற நேரம் பிடிக்கும். வேகம் கூடக் கூட அந்த நேரம் கிடைக்காமல் டார்க் (சுழற்றும் விசை) விழுந்துவிடும். நேமா 23 அளவு மோட்டாரோடு, 20 முதல் 50 வோல்ட் வரை தாங்கும் டிஎம்542 டிரைவர் இருந்தால் 36 வோல்ட் சப்ளை போடுங்கள். 50-ஐ ஒட்டிப் போகாதீர்கள், மோட்டார் வேகம் குறைக்கும்போது வோல்டேஜைத் திருப்பித் தள்ளும்.

துல்லியம் வேண்டும் என்று மைக்ரோஸ்டெப்பை (ஒரு முழு ஸ்டெப்பை டிரைவர் எத்தனை பங்காகப் பிரிக்கிறது என்பதை) கூட்டுவது இன்னொரு தவறு. 1605 ஸ்க்ரூவில் 32 மைக்ரோஸ்டெப் வைத்தால் ஒரு மி.மீ.க்கு 1280 பல்ஸ் (டிரைவருக்குப் போகும் சிக்னல் துடிப்பு). நிமிடத்துக்கு 2000 மி.மீ. ஓட நொடிக்கு சுமார் 42,700 பல்ஸ் தேவை. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல்லின் எல்லை 30,000 தான். 8 அல்லது 16 போதும்.

அதிகம் பேர் கண்டுபிடிக்கத் திணறுவது, திசை மாறும்போது மட்டும் போகும் ஸ்டெப். மோட்டார் சத்தமே போடாது, வேகத்தைக் குறைத்தாலும் மாறாது, ஆனால் விலகல் ஒரே பக்கமாகச் சீராக வளரும். 50 முறைக்கு வந்தது 100 முறைக்கு இரட்டிப்பாகும். டிஎம்542 போன்ற டிரைவர்கள், ஸ்டெப் பல்ஸுக்கு 5 மைக்ரோசெகண்டாவது முன்பே திசை சிக்னல் வந்துவிட வேண்டும் என்கின்றன. ஜிஆர்பிஎல் 1.1 சாதாரணமாக இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அனுப்பிவிடுகிறது. அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது ஓரிரு மைக்ரோஸ்டெப் தவறாகப் போகிறது. அதன் கான்ஃபிக் ஃபைலில் ஸ்டெப் பல்ஸ் டிலே என்ற வரியின் முன்னால் உள்ள // குறியை நீக்கிவிட்டு, மென்பொருளை மறுபடி போர்டில் ஏற்றினால் சரியாகிவிடும். அதற்கு முன் $2-ஐ மாற்றி பல்ஸைத் தலைகீழாக்கிப் பாருங்கள், சில வயரிங்கில் அதுவே போதும்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும், எந்த ஒழுங்கும் இல்லாமல், சில சமயம் கூடியும் சில சமயம் குறைந்தும் விலகினால் அது மின் இரைச்சல். ஸ்பிண்டில் வயரை சிக்னல் வயரிலிருந்து பிரித்து, ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். வயரைச் சோதிக்கிறேன் என்று பவர் இருக்கும்போது மோட்டார் பிளக்கை மட்டும் உருவிவிடாதீர்கள். டிரைவர் போய்விடும்.

Z அச்சு மட்டும் ஜாபுக்கு ஜாப் கீழே இறங்கினால் $1-ஐப் பாருங்கள். அது 25 என்று இருந்தால், நகர்ந்து முடித்த 25 மில்லிசெகண்டில் மோட்டாரின் பிடி விட்டுவிடும், ஸ்பிண்டிலின் எடை அச்சை இழுக்கும். 255 என்று மாற்றினால் மோட்டார் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.