குறுவையா, சம்பாவா: பூ கட்டும் முன் நான் செய்தது

2024-இல், வழக்கமான ஜூன் 12-இல் பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கம் எல்லோர் வீட்டிலும் ஒரே பேச்சு, குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) போடுவதா விடுவதா என்று. பக்கத்து வயல்காரர் போர்வெல்லை நம்பி நாற்று விட்டுவிட்டார். எனக்கோ தூக்கமே இல்லை.

"பூ கட்டிப் பார்த்துடு தம்பி" என்றார் அம்மா, கோயிலில் பூப் பொட்டலம் எடுத்து அம்மனிடம் உத்தரவு கேட்பதைத்தான் சொன்னார். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவதைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் அம்மன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. அதனால் முதலில் போர் தண்ணீர் எவ்வளவு தூரம் பாயும், நகையை அடகு வைக்காமல் உரம் வாங்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பாதி நிலத்துக்குக்கூடத் தாங்காது. சரி, குறுவை இல்லை.

மிச்சம் ஒரு கேள்விதான்: ஆற்றுத் தண்ணீர் வந்தபின் போடும் ஒருபோக சம்பா நெல்லுக்குக் காத்திருக்கலாமா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா? ஆற்றில் தண்ணீர் வருவது என் கையில் இல்லையே, அதை மட்டும் மாரியம்மனிடம் கொண்டுபோனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் போட்டார் பூசாரி, ஒரு சின்னப் பெண் எடுத்தாள். வெள்ளை, அதாவது காத்திரு. (எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று முன்பே மனதில் சொல்லிவிட வேண்டும், பிடிக்கவில்லை என்று மறுபடி கட்டக் கூடாது.) அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 28-இல் மேட்டூர் திறந்தார்கள். ஆகஸ்டில் சி.ஆர். 1009 விதைத்தேன், நீண்ட கால நெல் ரகம், தையில்தான் அறுவடை. பக்கத்து வயல்காரர் போரை வைத்தே குறுவையும் எடுத்துவிட்டார், அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஒளிப்பானேன்.