பிராய்லர் கொட்டகையைக் கூளத்திலிருந்து பார்ப்பது எப்படி

கோழிப் பண்ணையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையில் கிடக்கும் கூளத்தை, அதாவது கோழிக்கு அடியில் மெத்தைபோல் பரப்பிய மரத்தூள், உமி போன்றவற்றை. கூளத்தில் ஈரம் ஏறினால் கோழியின் பாதம், அங்கே வேலை செய்பவரின் நுரையீரல், கடைசியில் சமையலறைக்கு வரும் இறைச்சி என எல்லாமே அடி வாங்கும்.

ஒன்றாக வளர்க்கும் கோழிக் கூட்டம் (பேட்ச்) 30 நாளைத் தாண்டிய பிறகு போங்கள். குஞ்சுப் பருவத்தில் எல்லா ஷெட்டும் அழகாகத்தான் இருக்கும். கிருமியைச் சுமந்து போகாமலிருக்க, முந்தைய இரண்டு நாள் வேறு எந்தப் பண்ணைக்கும் போயிருக்கக் கூடாது. பூட்ஸும் மேலங்கியும் அந்தப் பண்ணையுடையதாகவே இருக்கட்டும்.

கையுறை போட்டுக்கொண்டு நான்கு இடத்தில் கூளத்தை அள்ளுங்கள்: தண்ணீர்க் குழாய் வரிசைக்கு அடியில், சுவரோரம், நடுவில், விசிறி முனையில். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். லேசாக ஒட்டி, பிறகு உதிர்ந்தால் சரி. ஈரம் ஏறக்குறைய 20–25 சதவீதம் இருக்கும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. துளியும் ஒட்டாவிட்டால் தூசி கிளம்பும், அதுவும் மூச்சுக்கு ஆகாது. மேலாகப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆள் வருகிறார்கள் என்றால் புது மரத்தூளை ஒரு அடுக்கு தூவிவிடுவது வழக்கம். 5 சென்டிமீட்டர் தோண்டினால் கட்டிதட்டிய பழைய கூளம் தெரிந்துவிடும்.

ஈரத்துக்கு முதல் காரணம் பெரும்பாலும் நிப்பிள்தான், அதாவது தண்ணீர்க் குழாயில் கோழி கொத்திக் குடிக்கும் முனை. கோழி பாதத்தைத் தரையில் ஊன்றியபடி, கழுத்தை மேல்நோக்கி நீட்டிக் குடிக்கும் உயரத்தில் நிப்பிள் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தலையைச் சாய்த்துக் குடித்துப் பாதித் தண்ணீரைக் கீழே சிந்தும். அழுத்தம் கூடினாலும் இதே கதைதான். இன்னொரு காரணம், குளிர் இரவில் சூடு போகக் கூடாது என்று விசிறியை நிறுத்துவது. எரிபொருள் மிச்சமாகும், ஈரம் உள்ளேயே தங்கும். தீவனத்தில் உப்போ புரதமோ கூடினாலும், ரத்தக் கழிச்சல் வந்தாலும் எச்சம் தண்ணீராகப் போகும்.

எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது; ஈரம் கூடக் கூட அதுவும் கூடும். நின்றபடி மோந்து பார்த்தால் கணக்கு தப்பும். கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மீட்டரையோ சோதனைத் தாளையோ பிடியுங்கள். நெருக்கமாக வளர்க்கும் ஷெட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள வரம்பு, அந்த உயரத்தில் 20 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு). தொழிலாளருக்கு அமெரிக்காவின் நியோஷ் என்னும் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் சராசரி வரம்பு 25 பிபிஎம். அந்நாட்டின் சட்ட வரம்போ 50. தினமும் உள்ளே இருப்பவரிடம் “நாற்றம் இருக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை, அவர் மூக்கு பழகிப்போயிருக்கும். இருமல், கண்ணெரிச்சல் உண்டா என்று கேளுங்கள். என்ன முகக்கவசம் தருகிறார்கள் என்றும் பாருங்கள். சாதாரணத் தூசிக் கவசம் அம்மோனியாவைத் தடுக்காது. அந்த வாயுவைப் பிடிக்கும் வடிகட்டி (கார்ட்ரிட்ஜ்) பொருத்திய கவசம் வேண்டும்.

பிறகு வெவ்வேறு மூலைகளில் இருபது கோழியைத் தூக்கிப் பாதத்தைப் பாருங்கள். நடுப்பாதத்தில் கறுத்த பொருக்கு, கணுக்கால் மூட்டில் பழுப்புத் தழும்பு இரண்டும் ஈரக் கூளத்தின் அடையாளம்.

நெரிசலைத் தலைக்கணக்கில் பார்க்காமல் எடைக்கணக்கில் பாருங்கள். 1,000 சதுர மீட்டரில் 2.2 கிலோ எடையில் 16,000 கோழி என்றால் சதுர மீட்டருக்கு 35 கிலோ. ஐரோப்பிய விதிப்படி அடிப்படை வரம்பு 33. கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 39, அதிகபட்சம் 42. சிலர் வளர்ப்பின் நடுவில் கோழிகளில் ஒரு பகுதியை மட்டும் பிடித்து அனுப்பி எடையைச் சரிக்கட்டுவார்கள். பிடிக்க வரும் ஆட்களின் காலணியோடும் கூண்டுகளோடும் மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் காம்பிலோபாக்டர் கிருமி உள்ளே வரும் வழி அது.

ஹார்மோன் ஊசி போட்டுத்தான் கோழி இப்படி வளர்கிறது என்ற பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஊசி போடுவது ஆகிற காரியமும் இல்லை. வளர்ச்சி இனத்தேர்விலும் தீவனத்திலும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே மாதிரி வளர்த்து ஒப்பிட்டபோது, 56 நாளில் முன்னது சுமார் 0.9 கிலோ, பின்னது சுமார் 4.2 கிலோ. அந்தச் சுமையைக் கால் தாங்காமல் நொண்டுவதுதான் உண்மையான சிக்கல்.

பதிவேட்டில் தானாக இறந்தவை, நோய், நொண்டலால் கொன்று கழித்தவை இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் மருந்தின் பெயர், நிறுத்திய தேதி, கோழி பிடித்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். மருந்தை நிறுத்தியபின் காத்திருக்க வேண்டிய விலக்குக் காலம் முடியாமல் பிடித்திருந்தால் மருந்தின் மிச்சம் இறைச்சியில் இருக்கக்கூடும். தீவனத்தை நிறுத்திய நேரமும் முக்கியம். வெட்டுவதற்கு 8–12 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். குறைந்தால் குடல் நிறைந்திருக்கும், அதிகமானால் குடல்சுவர் மெலிந்து கிழியும்.

வெட்டுக்கூடத்தில் வரிசையின் வேகத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் சில ஆலைகளில் நிமிடத்துக்கு 140 கோழி, சிறப்பு அனுமதி பெற்றவற்றில் 175. ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பப் போடுபவருக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். கத்தி எத்தனை மணிக்கொருமுறை தீட்டப்படுகிறது, வேலை மாற்றித் தரப்படுகிறதா, கழிப்பறைக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க மாற்று ஆள் உண்டா: இந்த மூன்று கேள்வி போதும். அவசரத்தில் கிழிந்த ஒரு குடலின் அழுக்கு, பொதுக் குளிர்நீர்த் தொட்டியில் மற்ற கோழிகளுக்கும் பரவும்.

வாங்கும்போது தோலுள்ள காலை எடுத்துக் கணுக்கால் மூட்டுத் தழும்பைத் தேடுங்கள். நெஞ்சுக்கறியில் தசையோடு ஓடும் வெள்ளைக் கோடுகள் வேகமாக வளர்ந்ததன் தடயம். கொழுப்பு கூடி, புரதம் குறைந்திருக்கும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீரில் கிருமி பாத்திரங்களுக்குப் போகும். காம்பிலோபாக்டர் நோய் வரச் சில நூறு கிருமிகளே போதும். 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக விடுங்கள். உறைய வைத்தால் கிருமி குறையும், முழுதாகச் சாகாது.